தோளும் தொழிலும்

கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று தமிழாசிரியரிடம் கேட்போர், சங்க இலக்கியம் பற்றியோ சமய குரவர் பற்றியோ ஏதேனும் வரும் என்றே எதிர்பார்ப்பர். மலர்க்குழு அன்பர்களும் எம்மிடம் அதனையே எதிர்பார்த்தனர் என்பது அவர்தம் முகக்குறிப்பினால் விளங்கிற்று. ஆயினும் இம்முறை நாம் தோள்வலியைப் பற்றி எழுதத் துணிந்தோம். நகைப்போர் நகைக்க. ஆனால் நகைக்கும் முன்னர்த் தம் இரு கைகளையும் ஒருமுறை தலைக்குமேல் உயர்த்திப் பார்த்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகின்றோம்.

பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றில் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு வித்து. மதிய விருந்து முடிந்தபின் எல்லாரும் மண்டப வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். படம் பிடித்த இளைஞர், "எல்லாரும் கையை மேல தூக்குங்க சேர்" என்று உற்சாகமாகக் கூவினார். பின்வரிசையில் நின்ற அண்மைக்கால மாணவரின் கைகள் கமுகங்கன்றுகள்போல் நிமிர்ந்தெழுந்தன. முன்வரிசையில் அமர்ந்திருந்த மூத்தோருள் ஐவரின் கை காதளவுக்கும் எழவில்லை. அவருள் ஒருவர், தம் காலத்தில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எடுத்தெறிந்தால் அது விக்கற் காப்பாளரின் கையில் நேரே சென்று விழும் என்று புகழப்பட்டவர். "என்ன மச்சான், பஸ்ஸுக்குக் கை காட்டுறியா?" என்று அருகிலிருந்த நண்பர் கேலி செய்தார். அவரும் உடன் சிரித்தார். பின்னர்ப் பந்தி மண்டபத்தில் அவர் துணைவியார் எம்மிடம் தனியே கூறியது வேறு: சட்டையை மாட்டுவதற்கும் தலை சீவுவதற்கும் இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் துணை வேண்டியிருக்கிறதாம். இதனை வெளியே சொல்ல அவருக்கு நாணம்.

அந்த நாணத்தை நாமும் அறிவோம். நாற்பத்தைந்து வயதளவில் எமது வலத்தோளிலும் வலி புகுந்தது. கரும்பலகையின் மேற்பகுதியில் திகதியும் பாடத் தலைப்பும் எழுதும்போது முதலில் ஒரு சுள்ளென்ற குத்து. சில வாரங்களில் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதே அரிதாயிற்று. நாம் என்ன செய்தோம்? பலகையின் மேற்பாதியைக் கைவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணியிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்து, "சேர், கீழ எழுதினா எங்களுக்கு முன்னுக்கிருக்கிற ஆக்கள்ர தலைதான் தெரியுது" என்றான். வகுப்பு சிரித்தது. தன்வினை பிறவினையை அவ்வகுப்பில் பின்வரிசையார் சரிவரப் படியாமைக்கு எமது தோளும் ஒரு காரணம் என்பதை அன்று உணர்ந்தோம்.

அதன்பின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கே, கையைச் சிறிதும் அசைக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. கழுத்திலிருந்து ஒரு துணித்தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு வாரம் திரிந்தோம். கண்டோர் எல்லாம் எங்கே விழுந்தீர்கள் என்று விசாரித்தனர். வலி சற்றே தணிந்தது மெய்தான். ஆயின் தூளியை நீக்கியபோது முன்னர் ஓரளவேனும் எழுந்த கை இப்போது அதுவும் எழவில்லை. தேய்ந்துபோன தசையும் இறுகிப்போன மூட்டுமே ஓய்வின் ஊதியமாயின.

தமிழ் படிப்பிப்போன் ஒருவன் இவ்விடத்தில் சிறிது சொல்லாராய்ச்சியில் இறங்காதிருத்தல் அரிது. பொறுத்தருள்க. தோள், புயம், சுவல் என்று உடம்பின் இப்பகுதிக்கு நம் மொழியில் பல பெயர்கள். வீரரின் தோளை மலைக்கு ஒப்பிடாத காவியம் இல்லை. துணை நிற்றலைத் 'தோள் கொடுத்தல்' என்கின்றோம். ஆனால் அத்தோளினுள்ளே இருப்பது யாதென்று தமிழில் எழுதிவைத்தவர்களை நாம் நினைப்பதில்லை. மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியர் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் 1872 இல் வெளிவந்தது. நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டு உழைத்தமையும் யாவரும் அறிந்ததே. அவ்வழியில் வந்த நாமோ, தோளிலே வலி என்றால் 'ஷோல்டரில் ஏதோ பிழை' என்று சொல்லி அமைதியுறுகின்றோம். ஏதோ பிழை என்றிருக்கும்வரை திருத்தம் ஏது?

ஆகவே அப்பிழை யாதென்று காண்போம். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் உருண்டைத் தலை ஆழமான ஒரு குழியில், சிரட்டைக்குள் பந்து கிடப்பதுபோலப் பொருந்திக் கிடக்கின்றது. தோளில் அவ்வாறன்று. சிறிய தட்டொன்றிலே பெரிய தேங்காயைச் சாய்த்து வைத்தாற்போல, ஆழமற்ற குழியில் புய எலும்பின் தலை நிற்கின்றது. உடம்பிலே மிகுதியாகச் சுழலும் மூட்டு இதுவே. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலைதான் இந்த உறுதியின்மை. தேங்காய் உருண்டு விழாமற் காப்பன தோட்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டுப் புய எலும்பின் தலையைச் சூழ்ந்து பற்றும் நான்கு தசைகள். இவற்றைச் சுழற்று தசைகள் என்று கூறலாம். வாவியிலே தோணியை நான்கு புறமும் கயிறிட்டுக் கட்டினால் அலையில் அது ஆடுமேயன்றி அள்ளுண்டு போகாது. அதுபோலவே கை எழும்போது இந்நான்கும் எலும்புத் தலையைத் தட்டின் நடுவே நிறுத்துகின்றன. கையை முழுவதும் உயர்த்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மூட்டின் வேலை. எஞ்சிய ஒரு பங்கு முதுகின்மேற் சறுக்கிச் சுழலும் தோட்பட்டை எலும்பின் வேலை. ஆதலால் அப்பட்டையை இயக்கும் முதுகுத் தசைகள் சோர்ந்தாலும் தோள் நோகும்.

நாற்பது வயதுக்குமேல் தசை மெல்ல மெல்லக் குறைகின்றது. தசைநாண்கள் நைகின்றன. வேலையோ குறைவதில்லை. வலு குறைந்த தசைநாணின்மேற் பழைய பாரமே விழும்போது வலி பிறக்கின்றது. வலிக்கின்றது என்று கையைத் தொங்கவிடுகின்றோம். தொங்கவிட்ட கை மேலும் வலுக்குன்றுகின்றது. பின்னர்ச் சிறிய பாரமும் பெரும் பாரமாகின்றது. எமது தூளி ஆறு வாரத்தில் செய்த வேலையை, பலர் தூளியின்றியே ஆறு ஆண்டில் செய்துகொள்கின்றனர்.

தோள்வலிகள் யாவும் ஒன்றல்ல என்பதையும் கூறிவிடல் வேண்டும். பெரும்பான்மையானவை மேற்கூறிய தசைநாண் நலிவினால் வருவன. அவற்றிலே நாமாக உயர்த்தினால் கை எழாது, பிறர் தாங்கி உயர்த்தினால் எழும். மற்றொன்று மூட்டைச் சூழ்ந்த உறையே தடித்துச் சுருங்கிவிடும் இறுக்கநோய். இதிலே நாம் உயர்த்தினும் எழாது, பிறர் உயர்த்தினும் எழாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு முன்கையை வெளிப்புறம் திருப்பவும் இயலாது. இதனையே சித்த மருத்துவர் கும்பவாதத்துள் அடக்குவர். பொஸ்ரன் நகரின் அறுவை மருத்துவர் கோட்மன் 1934 இல் தாம் எழுதிய நூலில் இதற்கு 'உறைந்த தோள்' என்ற பெயரை வழங்கினார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கும், குறிப்பாக நீரிழிவுடையார்க்கும் இது மிகுதியாக வரும். முதலில் வலி மிகும், பின்னர் இறுக்கம் மிகும், ஈற்றிலே தளரும். இதற்கு ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். வலி மிகுந்த முதற்கட்டத்தில் வலுப்பயிற்சி என்று கையை முறுக்குவது நோயை வளர்க்கும். மென்மையான அசைவே அப்போது தகும். நீரிழிவு வீட்டுக்கு வீடு பேசப்படும் இந்நாளில், தோள் இறுகியோர் தம் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இனிப் பயிற்சிக்கு வருவோம். எமக்கு இதனைக் கற்பித்தவர் எம்மிடமே எழுத்துப் பயின்ற பழைய மாணவி ஒருவர். இன்று இயன்மருத்துவர். "நீங்க எங்களுக்கு எழுத்துப் படிப்பிச்ச மாதிரித்தான் சேர். ஒரே நாளில வராது. மறுகா, விட்டாலும் போயிரும்" என்றார். ஆசிரிய கலாசாலையில் 'எளியதிலிருந்து அரியதற்கு' என்று மனனம் செய்த கற்பித்தல் விதியை நாற்பத்தைந்து வயதில் எமது தோளின்மேலேயே பரீட்சித்துப் பார்க்க நேர்ந்தது.

அவர் முதலிலே பாரம் எதனையும் தரவில்லை. வலியற்ற கையை மேசையில் ஊன்றிக் குனிந்துகொண்டு, வலியுள்ள கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு, உடம்பின் அசைவினால் அது முன்னும் பின்னும் வட்டமாகவும் ஓரிரு நிமிடம் ஊசலாட விடச் சொன்னார். இந்த ஊசற்பயிற்சியை உலகுக்குப் பரப்பியவரும் மேற்கூறிய கோட்மனே. பின்னர் மேசைமேல் ஒரு துணியை இட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னோக்கித் தள்ளிச் செல்லுதல். அதன்பின் சுவரோரம் நின்று, முழங்கையைச் செங்கோணமாக மடித்து விலாவோடு ஒட்டி, புறங்கையினாற் சுவரைத் தள்ளுதல். சுவர் நகராது, கையும் நகராது, ஆனால் தசை உழைக்கும். முழுப் பலத்தோடன்றிப் பாதிப் பலத்தோடு பத்து எண்ணும்வரை தள்ளிப் பின் தளர்த்துக. அதனைப் பத்து முறை செய்க. இவ்வளவே முதலிரு வாரங்களின் பாடம். எமக்கு இது அரிச்சுவடியாகத் தோன்றியது. இதற்கா வந்தோம் என்றும் எண்ணினோம்.

இரண்டாம் பாடத்துக்கு ஒரு பழைய சைக்கிள் ரியூப் போதும். கடையில் விற்கும் நிறநிறமான றப்பர்ப் பட்டிகளும் அதே வேலையைத்தான் செய்யும். ரியூப்பை நீளவாட்டில் வெட்டி ஒரு முனையை யன்னற் கம்பியிற் கட்டுக. விலாவுக்கும் முழங்கைக்கும் இடையே ஒரு துவாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்புறமாக இழுக்க. இழுப்பதைவிட மெல்ல மெல்லத் திரும்ப விடுதலே முக்கியம். பட்டி நம்மை இழுத்துச் செல்ல விடாமல் மூன்று நான்கு எண்ணும்வரை எதிர்த்துக்கொண்டே திரும்புக. அவ்வாறே இரு கைகளாலும் பட்டியைப் பற்றி, தோட்பட்டைகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நாடுமாறு பின்னோக்கி இழுத்தல் இன்னொன்று. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி நின்று செய்யும் தண்டால் மற்றொன்று. நிலத்திலே தண்டால் எடுத்த இளமையை நினைந்து இதனை இகழ வேண்டா. ஒவ்வொன்றும் பத்து முதற் பதினைந்து தடவை, இடையிலே ஓய்வு விட்டு மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாற் போதும். தசை வளர்வது உழைக்கும் நாளிலன்று, அடுத்து வரும் ஓய்விலே.

மூன்றாம் பாடத்தில்தான் பாரம் வருகின்றது. அரை லீற்றர்ப் போத்தலில் நீர் நிரப்பிக் கையிற் பிடித்து, நேர் பக்கவாட்டிலுமன்றி நேர் முன்னாலுமன்றி, பக்கத்திலிருந்து சற்று முன்சாய்ந்த வாக்கில், பெருவிரல் மேனோக்கத் தோளளவுக்கு உயர்த்துக. நான்கு எண்ணி மெல்ல இறக்குக. பதினைந்து தடவை எளிதாகச் செய்ய இயலும்போது போத்தலைப் பெரிதாக்குக. எளிதாகும்தோறும் பாரத்தைக் கூட்டிச் செல்லுதலே இதன் உயிர். பல்லாண்டு ஒரே போத்தலைத் தூக்குவோர், ஆண்டுதோறும் பாலபாடத்தையே வாசிக்கும் மாணவரை ஒப்பர். இறுதியில் அவரவர் தொழிலின் அசைவையே பயிற்சியாக்கல் வேண்டும். நாம் வெண்கட்டியின்றி வெறுங்கையாற் கரும்பலகையின் உச்சியில் எழுதிப் பழகினோம்.

பயிற்சியின்போது சிறிது நோதல் குற்றமன்று. பொறுக்கத்தக்க நோவு, அன்றிரவே தணிந்து மறுநாட் காலையில் மிகாதிருக்குமாயின் தொடரலாம். மறுநாளும் நின்று நோகுமாயின் பாரத்தையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும். நிறுத்த வேண்டா. எமக்கு ஐந்தாம் வாரம்வரை பயனொன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, பலகையின் உச்சியிலே திகதியை எழுதினோம். கடைசி வாங்கு மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கவனிக்கவேயில்லை போலும்.

இவையெல்லாம் ஒருவரின் அனுபவம் என்று தள்ளற்க. சுவீடன் நாட்டில், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த தோள்வலியாளர் ஏறத்தாழ நூற்றுவரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்கு மேற்கூறிய வகையான வலுப்பயிற்சியையும், மற்றைச் சாராருக்குப் பாரமற்ற பொது அசைவுகளையும் பன்னிரண்டு வாரம் கற்பித்தனர். 2012 இல் வெளியான முடிவின்படி, பொது அசைவு செய்தோருள் 63 வீதத்தினர் பின்னர் அறுவையை நாடினர். வலுப்பயிற்சி செய்தோருள் 20 வீதத்தினரே நாடினர். அறுவையின் கதையும் கேட்கத்தக்கது. தோட்பட்டையின் எலும்பு முனை தசைநாணில் உராய்வதே வலிக்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் நீர் என்பார் 1972 இல் எழுதினார். அதன்பின் அம்முனையைச் செதுக்கும் அறுவை உலகெங்கும் பெருகிற்று. பிரித்தானியாவில் 313 பேரை மூன்று கூறாக்கி ஆராய்ந்தனர். ஒரு சாராருக்கு எலும்பைச் செதுக்கினர். மற்றொரு சாராருக்குக் குழாய்க் கருவியை உட்செலுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் செதுக்காது மூடினர். மூன்றாம் சாரார் சிகிச்சையின்றிக் காத்திருந்தனர். செதுக்கியோருக்கும் செதுக்காது மூடியோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்ற முடிவு 2018 இல் இலான்செற் இதழில் அச்சாயிற்று. சிகிச்சையின்றி இருந்தோரைவிட இரு சாராரும் சற்றே மேலாக இருந்தனர், ஆயின் அச்சிறு மேன்மை நோயாளர் உணருமளவுக்கு இல்லை.

எமக்கு இவை யாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது 2021 இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு. இங்கிலாந்தில் 708 பேர் அதிற் பங்குபற்றினர். சிலருக்கு இயன்மருத்துவர் ஆறு முறைவரை நேரில் இருந்து பயிற்சி அளித்தார். ஏனையோருக்கு ஒரே ஒரு முறை நன்றாக விளக்கி, வீட்டிற் செய்யத்தக்க பயிற்சிகளையும் ஒரு கையேட்டையும் கொடுத்து அனுப்பினர். ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஒத்த அளவிலேயே குணமுற்றிருந்தனர். ஊசி மருந்து ஏற்றியோருக்கும் முதலிரு மாதங்களில் மட்டுமே சிறிது நன்மை தெரிந்தது, ஓராண்டளவில் அது நிலைக்கவில்லை. இதனைச் சிலர் பயிற்சிக்கு எதிரான சான்றாகக் கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளோம். ஒருமுறை தெளிவாகச் சொல்லிக்கொடுத்து, அதனை நோயாளர் தாமே விடாது செய்வாராயின், பலமுறை ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ ஒரு நாட்கூலியை இழந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டிய ஒருவருக்கு, ஆறு பயணம் ஒரு பயணமாகக் குறைவது சிறிய செய்தியன்று.

அத்தகைய ஒருவரை நாம் அறிவோம். பத்தாம் வகுப்பில் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன், வெண்பா யாப்பதில் ஆர்வமுடையவன், ஒரு தவணையில் வாரத்துக்கு இருநாளே வரலானான். பின்னர் அதுவும் நின்றது. படுவான்கரையில் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். தந்தையார் வாவியில் வீச்சுவலை எறிந்து வாழ்பவர். எம்மைக் கண்டதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்ய முயன்றவருக்கு இடக்கையால் மட்டுமே அது இயன்றது. வீச்சுவலையை எறிந்து பார்த்தோருக்குத் தெரியும்: நனைந்து கனத்த வலையை ஒரு தோளில் ஏற்றி, இடுப்பைத் திருப்பி, ஒரே வீச்சில் வட்டமாக விரிய விடுதல் வேண்டும். ஒருநாளில் நூறு தடவையேனும் அவ்வாறு எறிபவருக்கு, கை தோளளவுக்கு எழவில்லையென்றால் வாழ்வே எழவில்லை. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி வாசலுக்கு முன்னே இருந்தும் அவருக்குப் பயனில்லை. ஆதலால் விடியற்காலையில் மகன் வலை எறிந்தான். "என்ன செய்யிற ஐயா, அவன்ட கைதான் இப்ப எங்களுக்குச் சோறு" என்றார் தந்தை. எண்ணெய் தேய்த்தாயிற்று, பத்துப் போட்டாயிற்று, கையைக் கட்டியும் வைத்தாயிற்று. ஒத்தடமும் எண்ணெயும் ஆறுதல் தருவன என்பதை நாம் மறுக்கவில்லை. அவை தசையை வளர்க்கமாட்டா என்பதே எமது வழக்கு.

நாம் கற்றதை அவருக்குக் காட்டினோம். முதலில் வைத்தியரிடம் கைகாட்டிவர வேண்டும் என்று வற்புறுத்தி, தசைநாண் முற்றாக அறுந்திலது என்று அறிந்த பின்னரே காட்டினோம். நான்கு மாதத்தில் அவர் கை தோளுக்கு மேல் எழுந்தது. முழு வலையை முன்போல எறிய அவரால் இன்றும் இயலாது. சிறிய வலை ஒன்றை வைத்துக்கொண்டு முன்னிலும் குறைவாகவே பிடிக்கின்றார். மகன் பள்ளிக்குத் திரும்பினான், ஆனால் ஓராண்டு பிந்தினான். உடன் படித்தோர் உயர்தர வகுப்புக்குச் சென்றபின் அவன் தன்னிலும் இளையோரோடு பழைய வாங்கில் அமர்ந்தான். வெண்பாவை விட்டுவிட்டான். தோள்வலி முதியோரின் தொல்லையென்றும், கல்வியோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் கூறுவோருக்கு அவ்வாங்கைக் காட்ட விரும்புகின்றோம்.

வைத்தியரிடம் முதலிற் செல்ல வேண்டியவர் யாவர் என்பதையும் மறைக்கலாகாது. விழுந்து அடிபட்டபின் கையைத் தூக்கவே இயலாதவர், தோளின் உருவம் மாறியவர், காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து சுடுபவர், காரணமின்றி மெலிந்து இரவெல்லாம் ஓயாது நோவுடையவர், கை மரத்து விரல்கள் வலுவிழந்தவர் ஆகியோர் பயிற்சியைத் தொடங்கலாகாது. நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, வியர்த்து, இடத்தோளிலோ கையிலோ வலி பரவுமாயின் அது தோளின் நோயன்று, இதயத்தின் நோயாயிருக்கலாம். கணமும் தாழ்க்காது வைத்தியசாலைக்கு விரைக. ஸ்கான் படத்தில் தசைநாண் கிழிந்திருக்கின்றது என்று அறிந்து உளம் தளர்ந்தோருக்கு மற்றொரு சொல்: வலியே அறியாத முதியோர் பலரின் தோளிலும் அத்தகைய கிழிசல் உண்டு. படத்திற் கண்டது யாவும் வலிக்குக் காரணமென்று கொள்ள வேண்டியதில்லை.

இனி எமது முறையீட்டுக்கு வருவோம். இவ்விழாவின் நினைவாக யாது செய்யலாம் என்று பழைய மாணவர் சங்கம் ஆலோசித்து வருகின்றது. தோரண வாயில் ஒன்று வேண்டுமென்பார் பலர். தோரண வாயில் அழகியதே. ஆனால் அதன்கீழ்க் கையுயர்த்த இயலாதோர் நுழைந்து செல்வதிற் பெருமையென்ன? மாணவருக்கு உடற்பயிற்சிப் பாடவேளை உண்டு. பதினெட்டு வயதில் வாயிலைத் தாண்டியதும் அது முடிந்துவிடுகின்றது. வளர்ந்தோரும் வாரத்தில் குறைந்தது இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலிற் கூறியது. கல்லடிப் பாலத்தருகே காலையில் நடைபயில்வோரைக் காண மகிழ்ச்சியே. ஆயினும் நடை காலுக்கே ஊட்டம், தோளுக்கன்று.

விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் ஒரு சிறு கொட்டில் வெறிதே கிடக்கின்றது. முறிந்த வாங்குகளை அகற்றி, சுவரில் நான்கு கொளுக்கிகளும், கூரை வளையில் இரண்டு கப்பிகளும் கயிறும் மாட்டினால் அதுவே பயிற்சிக்கூடம். ஆண்டுக்கு இருமுறை இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து, வருவோரைப் பரிசோதித்துப் பயிற்சியைக் காட்டச் செய்யலாம். நம் பழைய மாணவருள்ளேயே அத்தொழிலர் இருக்கின்றனர். படங்களோடு கூடிய தமிழ்க் கையேடு ஒன்றை அச்சிட்டு, பெற்றோர் கூட்டத்தில் விநியோகிக்கலாம். மொழிநடைக்கு நாம் பொறுப்பு. கணுக்காலளவும் வேட்டியுடுத்த பெரியவர் யன்னற் கம்பியில் ரியூப்பைக் கட்டி இழுப்பது கேலிக்கிடமன்றோ என்று ஆசிரியர் அறையில் ஒருவர் வினவினார். ஆசிரியைகள் இருவர் அப்போதே தமக்குத் தனி நேரம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். கேலியைப் பற்றிய வினா அத்துடன் முடிந்தது.

இதனை மேனாட்டு வழக்கென்று ஒதுக்க முனைவோர் கர்லாக்கட்டையை நினைவுகூர்க. நம் நாட்டுப் பயில்வான்கள் தோளைச் சுற்றிச் சுழற்றிய அக்கட்டையை ஆங்கிலப் படையினர் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அது 1904 ஆம், 1932 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களிற் போட்டியாகவும் நடந்தது. நாம் மறந்ததையே இரவல்பெற்றவர் திருப்பித் தருகின்றனர். வலியுள்ளோர் கட்டையைச் சுழற்றத் தொடங்கலாகாது என்பதையும் இவ்விடத்தே கூறிவைக்கின்றோம். அது வலி தீர்ந்தபின் வரும் பாடம்.

சங்கத்தின் முடிவுக்குக் காத்திராமல் அதிபர் அவர்களின் அனுமதி பெற்றுக் கொட்டிலின் திறப்பை எம் கையில் வாங்கியுள்ளோம். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும். ஆசிரியைகளுக்கு வியாழன் மூன்று மணி. வருவோர் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றும், ஒரு துவாயும், அரை லீற்றர்ப் போத்தலும் கொண்டு வருக. நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் தம் கிளினிக் கொப்பியையும் உடன் கொண்டு வருவாராக.